பிள்ளை செய்த ஆய்வை எங்கே கொண்டுபோவது? மலையகத்துக்கு ஏற்ற நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "வகுப்பில ஒரு பிள்ளை சொந்தமா ஏதோ அளந்து எழுதி வச்சிருக்கு. நல்லாத்தான் இருக்கு. போட்டிக்கு அனுப்புறதா, வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புறதா?" பெற்றோர் இன்னும் நேரடியாகக் கேட்பார்கள்: "சேர், இதால கெம்பஸ் போறதுக்கு ஏதாவது பிரயோசனம் இருக்கா?"

பெற்றோருக்கான பதில் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ விஞ்ஞானத்துக்கோ போக உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் (தரப்படுத்திய மதிப்பெண்) மாவட்டக் கோட்டாவும்தான் கணக்கு. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது. ஆனால் ஆய்வுச் சான்றிதழ் கட்டுக்கட்டாக இருந்தாலும் இசட் புள்ளி ஏறாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அது உதவலாம். தோட்டப் பாடசாலைகளில் அப்படி எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். 'சேர்டிபிகேட்டுக்காக' என்று தொடங்கினால் பிள்ளைக்கு ஏமாற்றம், உங்களுக்கு வீண் அலைச்சல்.

ஆசிரியர்களின் கேள்விக்குத்தான் விரிவான பதில் வேண்டும். அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆய்வு முடிந்த பிறகு அல்லவா இந்தக் கேள்வி வருகிறது? தொடங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். சில வழிகளின் கதவு, முதல் அளவீடு எடுக்கும் முன்பே மூடிவிடும்.

## எதை ஆய்வு என்கிறேன்

கண்காட்சி மேசையில் சோடாத்தூளும் வினாகிரியும் ஊற்றிப் பொங்கவிடும் எரிமலை இதில் சேராது. விடை புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைக்கும் தெரியாத, உங்களுக்கும் தெரியாத, ஆனால் பிள்ளையால் அளந்து பார்க்கக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். மலையகத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையில் அட்டை கூடவா, வெட்டாத மலையில் கூடவா? மழை விட்டு எத்தனை மணி நேரத்தில் பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாய்வழி வரும் ஊற்றுநீர்) தெளிகிறது? தேயிலை மண்ணுக்குப் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் நல்லது என்பார்கள். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பின்னால் மரக்கறி போட்ட துண்டில் அது எவ்வளவு? மலையின் இந்தப் பக்கம் பெய்கிற மழையும் அந்தப் பக்கம் பெய்கிற மழையும் ஒன்றா?

கடைசிக் கேள்வியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாகச் செருகினால் மழைமானி தயார். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகத் தொடங்குகிற இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறித்து, அங்கிருந்து அடிமட்டத்தை ஒட்ட வேண்டும். இதுவரை சுலபம்.

வளிமண்டலவியல் திணைக்களம் மழையைக் காலை 8.30க்கு வாசிக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை பாடசாலையில், அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். ஆகவே பிள்ளை 6.30க்குத்தான் வாசிக்க முடியும். அப்படியானால் 6.30க்கும் 8.30க்கும் இடையில் பெய்த மழை திணைக்களத்துக்கு இன்றைய கணக்கு, பிள்ளைக்கு நாளைய கணக்கு. நாளுக்கு நாள் ஒப்பிட்டால் பிசகும். மாதக் கூட்டுத்தொகையில் பெரிதாகத் தெரியாது. இதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதியிருந்தால், அந்தக் கொப்பியை யாரிடமும் தைரியமாகக் காட்டலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மொழி, காசு, காலம் மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. தமிழில் எழுதினால் போதுமா, ஆங்கிலம் வேண்டுமா? போக்குவரத்து, அச்சு, டேட்டா எல்லாம் சேர்த்து எவ்வளவு? சாதாரண தரம், உயர்தரம் இரண்டுக்கும் இடையில் எங்கே நுழைப்பது? பத்தாம் தரத்தின் முதல் இரண்டு தவணைகளும், சாதாரண தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் காலமும்தான் நடைமுறையில் கிடைப்பவை. உயர்தர வகுப்பை உடனே தொடங்கிவிட்டால் இரண்டாவதும் போய்விடும்.

ஆட்கள் பெரிதாக நினைக்காத இன்னும் மூன்று இருக்கின்றன.

முதலாவது அனுமதி. மனிதரிடம் கேள்வி கேட்பது, விலங்கைத் தொடுவது, பற்றீரியா வளர்ப்பது, காட்டுக்குள் போவது ஆகிய நான்கில் எது வந்தாலும் முன்கூட்டியே யாரிடமாவது கையெழுத்து வேண்டும். இரண்டாவது, பொறுப்பேற்கிற பெரியவர். ஒவ்வொரு வழிக்கும் ஒரு பெரியவர் தேவை, ஆனால் எல்லா வழியும் அவரிடம் ஒரே அளவு வேலை வாங்காது. மூன்றாவது, விடைக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது. என் கணிப்பில் இதுதான் கனமானது. நடுவர் காத்திருக்கிறாரா, விஞ்ஞானி காத்திருக்கிறாரா, லயத்தில் இருக்கிறவர்கள் காத்திருக்கிறார்களா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தெரிவு முடிந்துவிடும்.

## வழி 1: போட்டி

நாட்டில் இந்த வழியின் உச்சம் இலங்கை விஞ்ஞான, பொறியியல் கண்காட்சி. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அதை நடத்துகிறது. அங்கே தெரிவாகிறவர்களுக்கு அமெரிக்காவில் ஒவ்வொரு மே மாதமும் நடக்கிற சர்வதேச விஞ்ஞான, பொறியியல் கண்காட்சிக்கு, சுருக்கமாக ஐசெஃப், போகும் வாய்ப்பு உண்டு. 1950இலிருந்து நடக்கும் கண்காட்சி அது. 2025இல் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் நடந்தது. ஒன்பதாம் தரத்திலும் அதற்கு மேலும் படிக்கிற பாடசாலைப் பிள்ளைகள் தனியாகவோ, மூன்று பேருக்கு மேற்படாத குழுவாகவோ பங்குபற்றலாம்.

இந்த வழியில் கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காது. முன்பின் தெரியாத ஒரு நடுவர் மேசைக்கு முன்னால் நின்று, "ஏன் 6.30க்கு வாசித்தாய்?" என்று கேட்பார். பிள்ளை பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியருக்குப் பின்னால் ஒளிந்து பழகிய பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு தவணைப் படிப்புக்குச் சமம். முடிவுத் திகதி இருப்பதால் வேலையும் முடியும்.

மறைந்திருக்கும் செலவு விதிமுறையில் இருக்கிறது. ஐசெஃப்பை நினைத்துச் செய்கிற எந்த ஆய்வுக்கும் அதன் விதிகள் பொருந்த வேண்டும், அவை கடுமையானவை. மூன்று உதாரணம் சொல்கிறேன், மூன்றும் நம் பக்கத்தில் நடக்கக்கூடியவை.

பீலித் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று ஒரு பிள்ளை வீட்டு அடுப்படியில் அகார் தட்டு வைத்து வளர்த்தால் கதை அங்கேயே முடிந்தது. வீட்டில் பற்றீரியா வளர்ப்பதற்கு ஐசெஃப்பில் முழுத்தடை. ஆய்வுகூடத்தில், தகுதியானவரின் மேற்பார்வையில், முன் அனுமதியோடு செய்ய வேண்டும். இரண்டாவது, கொழுந்து பறிக்கும் பெண்களிடம் முதுகுவலி பற்றிக் கேள்விக்கொத்து கொடுப்பது. கேட்க எளிதான விஷயமாகத் தெரியும். ஆனால் மனிதரிடம் தகவல் எடுப்பதால், முதல் தாளைக் கொடுப்பதற்கு முன்பே ஒரு மீளாய்வுக் குழு பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் குழுவில் ஓர் ஆசிரியர், ஒரு பாடசாலை நிர்வாகி, மருத்துவம் அல்லது உளநலம் தெரிந்த ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர். அதிபரும் பக்கத்து வைத்தியசாலை டொக்டரும் மனம் வைத்தால் தோட்டப் பாடசாலையிலும் அமைக்கலாம், முடியாத காரியம் இல்லை. ஆனால் பின்திகதி போட முடியாது. மூன்றாவது குருவி. தூரத்தில் நின்று எண்ணினால் முன் அனுமதி தேவையில்லை. தீனித்தட்டு வைத்து எண்ணினால் விலங்கின் சூழலை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், அனுமதி வேண்டும்.

அட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. முள்ளந்தண்டு இல்லாத பிராணி என்பதால் முள்ளந்தண்டுளிகளுக்கான விதி அதற்குப் பொருந்தாது. நம் பிள்ளைகளுக்கு அட்டையால் கிடைத்த ஒரே சலுகை இதுதான்.

காசுச் செலவு வெளிப்படையானது. கொழும்புப் பயணம், போஸ்டர், தங்குமிடம். துணைக்கு அம்மாவோ அப்பாவோ போனால் அன்றைக்குப் பேர் (நாட்சம்பளம்) இல்லை. அதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை, பிள்ளை மட்டும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்பதாக இருந்தால் இந்த இழந்த சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மொழியைப் பொறுத்தவரை ஐசெஃப்பில் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு உண்டு. உள்நாட்டுச் சுற்றில் தமிழ் தெரிந்த நடுவர் இருப்பாரா என்பதை விண்ணப்பம் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பேசப் பிடித்த, தோல்வியைத் தாங்குகிற, கையில் ஒரு முழு வருடம் உள்ள பிள்ளைக்கு இது பொருத்தம். கூச்சமான பிள்ளையைத் 'தைரியம் வரட்டும்' என்று இதில் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பரிசுக்காரருக்குப் பின்னால் பத்துப் பேர் வெறுங்கையோடு பஸ் ஏறுவார்கள். அந்தப் பத்துப் பேரின் தரவும் அதோடு கொப்பிக்குள் போய்விடும்.

## வழி 2: மாணவர் சஞ்சிகை

பாடசாலை மாணவரின் ஆய்வை மட்டும் வெளியிடுகிற சஞ்சிகைகள் உண்டு. அவற்றில் நம்பகமானதாக நான் சொல்வது 'ஜேர்னல் ஒஃப் எமர்ஜிங் இன்வெஸ்டிகேற்றர்ஸ்'. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர்கள் 2011இல் தொடங்கியது. விஞ்ஞானத்தில் பயிற்சி பெற்றவர்கள் கட்டுரையை வாசித்து, எங்கே ஆதாரம் போதாது, எந்த வரைபடம் தவறு என்று பிள்ளைக்கு எழுதுவார்கள். வெளிவந்த கட்டுரைகளை எவரும் இலவசமாக வாசிக்கலாம். அந்தப் பின்னூட்டம் வெளியீட்டைவிடப் பெறுமதியானது என்பது என் எண்ணம்.

கேள்வி கருதுகோள் வடிவில் இருக்க வேண்டும். 'எங்கள் தோட்டத்தில் எவ்வளவு மழை பெய்கிறது' என்பது போதாது. 'தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குச் சரிவில் கிழக்குச் சரிவைவிட அதிக மழை விழும்' என்றால் சரி, அதைச் சோதிக்கலாம், பொய்யாகவும் போகலாம். முடிவு கருதுகோளுக்கு எதிராக வந்தாலும் ஆய்வு நின்றுவிடாது. போட்டி மேசையில் அந்த மாதிரி முடிவுக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பது குறைவு.

இங்கே பெரிய செலவு ஆங்கிலம். பத்தாம் தரத்துப் பிள்ளை ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுவது நம்மில் அரிது. ஆசிரியர் உட்கார்ந்து எழுதினால் அது ஆசிரியரின் கட்டுரை. கணினியில் போட்டு மொழிபெயர்த்தால், வரும் வாக்கியம் ஒவ்வொன்றையும் பிள்ளை தமிழில் திருப்பி விளக்க வேண்டும். முடியாத வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். முதலில் தமிழில் முழுதாக எழுதி, பிறகு ஆங்கில ஆசிரியரோடு பத்தி பத்தியாகப் போவதுதான் நேர்மையான வழி. அதற்கே ஒரு தவணை போகும். மீளாய்வு, திருத்தம், மறுபடி மீளாய்வு என்று இன்னும் பல மாதம் போகும்.

இன்னொன்று பெரியவரின் பங்கு. வழிகாட்டியும் இணை ஆசிரியராகக் கையெழுத்திட்டு, சஞ்சிகையோடு மின்னஞ்சல் தொடர்பை வைத்திருக்க வேண்டும். நடுவில் இடமாற்றம் வந்து ஆசிரியர் போய்விட்டால் கட்டுரை அநாதை. வழிகாட்டியைத் தேடும்போது பேராதனைப் பல்கலைக்கழகம், கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம், பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் ஆகியவை எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தேயிலை சம்பந்தமானது என்றால் 1925இல் ஆரம்பமாகி, இப்போது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம். 'எங்களுக்கு வழிகாட்டுங்கள்' என்று எழுதினால் பதில் வராது. ஒரு பக்கம், அதில் ஒரு வரைபடம், கடைசியில் ஒரே ஒரு கேள்வி: 'எங்கள் மழைமானி மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?' இதற்குப் பதில் எழுத விரிவுரையாளருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பதில் வந்ததும் அடுத்த கேள்வி.

காசு வாங்கிக்கொண்டு 'உங்கள் பிள்ளையை ஆய்வாளர் ஆக்குகிறோம்' என்கிற இணைய நிறுவனங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சில வாரப் பயிற்சிக்குப் பல ஆயிரம் டொலர் வாங்குகிறவை அவற்றில் உண்டு. கேள்வியும் அவர்களுடையது, எழுத்தும் பாதி அவர்களுடையது. கொஞ்சம்கூட யோசிக்க வேண்டியதில்லை, வேண்டாம். சில நாளிலேயே 'ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள்' என்று எழுதுகிற சஞ்சிகைக்கும் அதே பதில்தான்.

## வழி 3: திறந்த தரவு

கட்டுரை எழுதாமல் அவதானத்தை மட்டும் உலகப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது இந்த வழி. செடி, பூச்சி, தவளைக்கு ஐநேச்சுரலிஸ்ட். பறவைகளுக்கு ஈபேர்ட், கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் கூடமும் ஓடுபொன் அமைப்பும் சேர்ந்து 2002இல் தொடங்கியது. ஐநேச்சுரலிஸ்ட்டில் தானாகக் கணக்குத் திறக்கப் பிள்ளைக்குப் 13 வயது ஆகியிருக்க வேண்டும். போட்டோ, திகதி, இடம் இருந்து, அடையாளம் சொல்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு 'ஆய்வுத்தரம்' ஆகும். உரிமம் பொருந்தினால் அங்கிருந்து உலகளாவிய உயிர்ப்பல்வகைமைத் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேரும். ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவது அங்கிருந்துதான்.

மொழிச் சுமை மிகக் குறைவு. ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் போதும். டவர் கிடைக்காத டிவிஷனில் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வரும்போது ஏற்றலாம். பரீட்சைக் காலத்தில் விட்டுவிட்டுப் பிறகு தொடரலாம். பெரியவருக்கும் பெரிய வேலையில்லை. கூச்சமான பிள்ளைக்கு இது மிகப் பொருத்தம். ஒக்டோபரில் ஆறுமணிக் குருவி வந்து சேரும் முதல் நாளை ஒரு பாடசாலை வருடாவருடம் குறித்துவைத்தால், அதன் பெறுமதி காலம் போகப்போகக் கூடும். நுவரெலியா விக்டோரியா பார்க்கில் இதைச் செய்வதற்குக் காட்டுக்குள் போக வேண்டியதுகூட இல்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது, இடக்குறிப்பில். ஹக்கலையிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் மூக்கில் கொம்புள்ள ஓணான் இருக்கிறது. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்காக அதையும் அதன் இனத்தவற்றையும் பிடித்துக் கடத்துகிறார்கள். அதனால்தான் 2019இல் அவை, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன. பிள்ளை எடுத்த படத்தோடு சரியான ஆள்கூறும் போனால் அது கள்வனுக்கு முகவரி. ஐநேச்சுரலிஸ்ட்டில் இடத்தை மறைக்கும் வசதி உண்டு, மறைத்தால் உண்மையான புள்ளி ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சதுரத்துக்குள் எங்கோ என்றுதான் தெரியும். அபாயத்தில் உள்ள இனங்களுக்குத் தளமே பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. அதை நம்பாமல் நீங்களும் மறையுங்கள். அப்புறம் இன்னொரு முகவரி, பிள்ளையுடையது. தினமும் லயத்து முற்றத்திலிருந்தே படம் ஏற்றினால், ஒரு சிறுமி எங்கே குடியிருக்கிறாள் என்று உலகத்துக்கே தெரியும். வீட்டைச் சுற்றி எடுத்த எல்லாவற்றுக்கும் இடத்தை மறைப்பதை விதியாகவே வையுங்கள்.

பூங்காக்களுக்குள்ளும் ஒதுக்குக் காடுகளுக்குள்ளும் முறையாக ஆய்வு செய்ய வனஜீவராசிகள் திணைக்களத்தினதோ வனத் திணைக்களத்தினதோ அனுமதி தேவை. செடியோ பூச்சியோ பிடுங்கி, பிடித்து எடுத்து வரவே கூடாது.

மழைமானித் தரவு இந்த இரண்டு தளத்துக்கும் பொருந்தாது. அதற்குச் சேர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனம் நடத்துகிற, செனோடோ என்ற திறந்த தரவுக் களஞ்சியம் இருக்கிறது. அட்டவணையை இலவசமாக ஏற்றலாம், நிலையான அடையாள எண் ஒன்று கிடைக்கும், விளக்கக் குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். கணக்கை ஆசிரியர் பெயரில் திறந்து, தரவை உருவாக்கியவராகப் பிள்ளையின் பெயரைப் போடலாம்.

ஒரு குறை. திறந்த தரவு பிள்ளைக்குக் கேள்வி கேட்கப் பழக்காது. படம் ஏற்றி ஏற்றி அதுவே விளையாட்டாகிப் போகிற பிள்ளைகளும் உண்டு. 'இதிலிருந்து உனக்கு என்ன தெரிய வேண்டும்?' என்று யாராவது பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

## வழி 4: ஊருக்கே திருப்பிக் கொடுப்பது

இதை யாரும் ஒரு வழியாக எண்ணுவதில்லை. சான்றிதழ் இல்லை, பரிசு இல்லை. ஆனால் மழைமானி ஆய்வுக்கு என்னைக் கேட்டால் முதலிடம் இதற்குத்தான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவு என்பது மறுபடி நம் எல்லார் வீட்டுப் பேச்சாகவும் ஆனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைக் கணக்கு மழையளவில்தான் நிற்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேறுவதுதான். இந்த எண்களை ரேடியோவில் கேட்கிறவர்களுக்கு 75 மில்லிமீற்றர் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. சோடாப் போத்தலில் ஏழரைச் சென்ரிமீற்றர் என்று பிள்ளை விரலால் காட்டினால் தெரியும்.

தோட்ட அலுவலகங்களில் மழைப் பதிவேடு வைக்கிற வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. பல வருடத்து ஏடுகள் அலுமாரியில் தூங்குகின்றன. தோட்டத் துரையிடம் (முகாமையாளர்) அதிபர் மூலமாக ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டால், சில இடங்களில் பார்க்க விடுவார்கள். பிள்ளையின் ஒரு வருடத் தரவுக்குப் பக்கத்தில் அந்த நீண்ட வரிசையை வைத்துப் பார்க்கும்போது ஆய்வுக்குக் கனம் வந்துவிடும்.

பகிர்வதும் தமிழில், இங்கேயே. பெரட்டுக்களத்தில் (காலையில் தொழிலாளர் கூடுமிடம்) ஒரு சுவரொட்டி, கோயில் மண்டபத்தில் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு அரைமணி நேரப் பேச்சு, கிராம சேவகருக்கு ஒரு பிரதி. எழுத்துக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் தமிழிலும் வெளியிடுகிற 'விதுரவ' சஞ்சிகையையும் நாளிதழ்களின் மாணவர் பக்கங்களையும் பாருங்கள்.

செலவு இல்லாமல் இல்லை. இங்கே முடிவு ஆட்களைத் தொடும். பீலித் தண்ணீர் கலங்கல் என்று எழுதினால் தோட்ட நிர்வாகம் முகம் சுளிக்கலாம். அப்பா அங்கேதான் வேலை செய்கிறார். அப்படியான ஆய்வில் பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள். பாடசாலையின் பெயரில், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முதலில் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். மழை ஆய்வில் ஆபத்து மறுபக்கம். 'பிள்ளையின் போத்தலில் 60தான் இருக்கு, பயமில்லை' என்று யாராவது படுத்துவிடக் கூடாது. மண்சரிவு மழையை மட்டும் பொறுத்ததில்லை. வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால் போத்தலைப் பார்க்காமல் போக வேண்டும். இதைச் சுவரொட்டியின் தலைப்புக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போடச் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| | போட்டி | சஞ்சிகை | திறந்த தரவு | ஊர் |
|---|---|---|---|---|
| மொழி | முன்பே கேட்டறிய வேண்டும் | ஆங்கிலம் | தமிழே போதும் | தமிழ் |
| காசு | பயணம், அச்சு, இழந்த சம்பளம் | குறைவு, கட்டண விலக்குக் கேட்டுப் பாருங்கள் | டேட்டா | சுவரொட்டித் தாள் |
| காலம் | ஒரு வருடம், முடிவுத் திகதியோடு | ஒரு வருடத்துக்கு மேல் போகலாம் | விட்டுத் தொடரலாம் | ஒரு பருவமழை |
| முன் அனுமதி | மிகக் கடுமை | கடுமை | காட்டுக்குள் மட்டும் | எழுதிய சட்டம் குறைவு, ஊர் மரியாதை அதிகம் |
| பெரியவரின் வேலை | அதிகம் | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| பெரிய ஆபத்து | தோற்றதும் கைவிடுவது | ஆசிரியரே எழுதிவிடுவது | இடம் வெளியே தெரிவது | தப்பாகப் புரிந்துகொள்வது |

## சரி, எதை எடுப்பது?

ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்றில்லை, ஆனால் வரிசை முக்கியம். ஊரிலும் திறந்த தரவிலும் பகிர்ந்தது பெரும்பாலும் போட்டிக்குத் தடையாகாது. சஞ்சிகைக்கு அனுப்ப நினைத்தால் மட்டும், முன்பே வெளிவந்ததை ஏற்பார்களா என்று விதியை வாசித்துவிட்டுத் தரவை ஏற்றுங்கள். நம் பாடசாலைகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வரிசை ஊர், தரவு, அதற்குப் பிறகும் பிள்ளைக்குக் கேள்வி மிச்சமிருந்தால் போட்டி அல்லது சஞ்சிகை.

விதிவிலக்குகள் உண்டு. பதினோராம் தரத்துப் பிள்ளைக்குப் போட்டியும் சஞ்சிகையும் இரண்டும் வேண்டாம், பரீட்சை முடியட்டும். ஆங்கிலத்தில் எழுத ஆசைப்படுகிற, ஆனால் மேடை என்றால் உதறுகிற பிள்ளைக்கு நேரே சஞ்சிகை. புதிதாக ஏதாவது கருவி செய்த பிள்ளைக்குப் போட்டிதான் சரி. பீலி வாயில் தானாக அடைக்கும் வடிகட்டியைத் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும், கட்டுரையில் அதைக் காட்ட முடியாது. மூன்று நண்பர்கள் சேர்ந்து செய்ததை ஒருவர் பெயரில் அனுப்புகிற யோசனை வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். பெயர் வரிசையை முதல் கிழமையே எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சண்டை வராது.

கடைசியாக, ஏற்கனவே வேலையை முடித்துவிட்டுக் கேட்கிறவர்களுக்கு. கேள்விக்கொத்தை அனுமதி இல்லாமல் கொடுத்துப் பதிலும் வாங்கியாயிற்று என்றால் ஐசெஃப் விதியில் போகும் போட்டிக்கும், மேலே சொன்ன சஞ்சிகைக்கும் அந்தத் தரவு உதவாது. கெஞ்சியும் பயனில்லை. பதில் தந்தவர்களிடம் திரும்பிப் போய், அவர்கள் சம்மதித்தால், பெயர் தெரியாதபடி ஊரில் பகிரலாம். பிள்ளைக்குப் போட்டியில்தான் மனம் என்றால் அதே கேள்வியைத் திருத்தி, குழுவிடம் கொடுத்து, கையெழுத்து வந்த திகதிக்குப் பிறகு புதிதாகக் கேட்கத் தொடங்கலாம். பழைய பதில்களில் ஒன்றையும் சேர்க்கக் கூடாது. ஆனால் எந்தக் கேள்விக்கு ஆட்கள் முழித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பது பிள்ளைக்கு இப்போது தெரியும், இரண்டாவது கேள்விக்கொத்து பாதிப் பக்கத்தில் முடியும்.